அரக்கு வைத்த படவிழா

அந்த மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கைவந்த கலை ஒன்றே ஒன்றுதான். பரீட்சை வைப்பது. மரம் நடச் சொன்னார்கள். கன்றுகளுக்குப் பதிவெண் கொடுத்து நட்டுவிட்டு, பட்டுப்போன கன்றுகள் மறுதேர்வு எழுதலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். ஓட்டப்பந்தயம் நடத்தச் சொன்னார்கள். ஒருவனைப் பார்த்து இன்னொருவன் ஓடிவிடக் கூடாது என்று பையன்களைத் தனித்தனியாக ஓடவிட்டார்கள். எல்லோரும் முதலாவதாக வந்தார்கள். செக்குமாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனாலும் அங்கேயும் அது வட்டமாகத்தானே சுற்றும்.

ஆகவே, 'அனைத்துப் பள்ளி மாணவர் திரைப்பட விழா நடத்துக' என்று சுற்றறிக்கை வந்தபோது அலுவலகம் அசரவில்லை. யார் தலையில் கட்டுவது என்பது மட்டுமே பாக்கி.

கூட்டத்தில் தையல் டீச்சர் கதவோரமாக உட்கார்ந்திருந்தார். கதவோரம் உட்கார்ந்தால் சீக்கிரம் கிளம்பலாம் என்பது அவர் கணக்கு. கதவோரம் உட்கார்ந்தவர்தான் சீக்கிரம் கண்ணில் படுவார் என்பது உலகத்தின் கணக்கு.

பெரிய அதிகாரி சுற்றறிக்கையைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் படித்தார். "படம் பிடித்தல். வெட்டுதல். கோத்தல். இதுல வெட்டறதையும் கோக்கறதையும் முறையா படிச்சவங்க நம்மகிட்ட யாராவது இருக்காங்களா?"

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. இந்த மாதிரி நேரத்தில் ஆசிரியர்களிடம் உள்ள ஒற்றுமை வேறெங்கும் பார்க்க முடியாது.

"சார், நான் படிச்சது துணிக்கு," என்றார் டீச்சர்.

"அடிப்படை ஒண்ணுதானேம்மா. வேண்டாததை வெட்டணும், வேணுங்கறதை ஒட்டணும். நான் இந்த ஆபீஸையே அப்படித்தான் நடத்தறேன்."

அதற்கு மேல் டீச்சர் வாயைத் திறந்திருப்பார். அதற்குள் முன்வரிசையிலிருந்து தேர்வுப் பிரிவுத் தலைவர் எழுந்தார். "டீச்சர் போட்ட தையல் பிரிஞ்சு நான் பார்த்ததில்ல சார். இவங்களே இருக்கட்டும்," என்றார். வேலையில் சேர்ந்த நாளாக டீச்சரை யாரும் பாராட்டியதில்லை. பாராட்டு என்பது இப்படித்தான் முதுகுப் பக்கமாக வரும் என்று அவருக்குத் தெரியாது.

தேர்வுப் பிரிவுத் தலைவருக்கு ஊர் வைத்த பேர் அரக்கு சார். எந்தப் பரீட்சை முடிந்தாலும் விடைத்தாள் கட்டுகளைக் காடாத் துணியில் பொதிந்து நாலு பக்கமும் தைக்க வேண்டும். அது டீச்சர் வேலை. தைத்த மூட்டையின் முடிச்சுகளில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவது அவர் வேலை. ஊற்றி ஊற்றி அவருடைய கட்டைவிரல் நிரந்தரமாகச் சிவந்து கிடந்தது. அவர் அறைக்குள் போனால் மெழுகுவர்த்திப் புகையும் கோந்து வாசனையும் கலந்து அடிக்கும். ஜன்னல் திறப்பதில்லை. திறந்தால் காற்று உள்ளே வரும். காற்று உள்ளே வரலாமென்றால் விஷயம் வெளியே போகலாம்.

"முதல்ல ரகசியம் டீச்சர். மத்ததெல்லாம் அப்புறம்," என்றார் அரக்கு சார்.

"படவிழான்னா நாலு பேர் பார்க்கத்தானே சார்?"

"பார்க்கறது கடைசிக் கட்டம். அதுவரைக்கும் யாரும் பார்க்காம இருக்கணும். அதுதான் கஷ்டம். அதுக்குத்தான் நான் இருக்கேன். என் கை வழியா எத்தனை கேள்வித்தாள் போயிருக்கு? ஒண்ணையாவது நான் படிச்சிருப்பேனா? படிச்சா தெரிஞ்சிடும். தெரிஞ்சா கசியும். என் பொண்ணு பரீட்சை எழுதின வருஷம் அவகூடவே நான் பேசல. வாய் தவறி ஏதாவது வந்துட்டா?"

"நீங்கதான் படிக்கவே இல்லையே சார்."

"படிக்காததும் கசியும் டீச்சர். உங்களுக்கு அனுபவம் பத்தாது."

படப்பிடிப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. மாணவர்கள் ஒரே நாளில், ஒரே மணி அடித்ததும், பெஞ்சுக்கு ஒருவராக உட்கார்ந்து படம் எடுக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. திரும்பக் கூடாது. ஒரு பள்ளியில் இதை வெள்ளோட்டம் பார்த்தார்கள். அறை நிறைய மாணவர்கள் போனை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். வந்த படங்கள் அத்தனையிலும் முன்பெஞ்சுக்காரனின் பின்மண்டைதான் கதாநாயகன். ஒரு படம் மட்டும் பரவாயில்லை. அதில் முன்பெஞ்சுக்காரன் தூங்கி விழுந்தான்.

பின்மண்டைகளை எல்லாம் பார்த்த பிறகு, டீச்சர் நயமாகப் பேசி, 'செய்முறைத் தேர்வு' என்று பேர் வைத்தால் வீட்டிலேயே எடுக்கலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். பேர் மாற்றினால் போதும் என்பது அந்த அலுவலகத்தில் அவர் கற்ற முதல் பாடம்.

டீச்சர் வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பள்ளியில் அவளுக்குச் 'சைகை' என்று பட்டப்பேர். கத்திரிக்கோல் வேண்டுமென்றால் இரண்டு விரலை வெட்டிக் காட்டுவாள். 'வர மாட்டேன்' என்பதைப் புருவத்தாலேயே சொல்லிவிடுவாள். வாய் இருந்தும் ஏன் இப்படி என்று டீச்சர் நினைத்ததுண்டு. ஒருநாள் பொத்தான்துளை தைக்கிற நேரத்தில் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "என் படம் டீச்சர்."

படத்தின் பேர் 'அப்பா தூங்குறார்'. அப்பா பேக்கரியில் இரவு முழுக்க மாவு பிசைந்து ரொட்டி சுடுகிறவர். விடிந்த பிறகு வந்து விழுந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். வீடு என்பது ஒற்றை அறை. அறை நடுவில் கட்டில். கட்டிலில் அப்பா. அவரைச் சுற்றித்தான் மொத்தக் குடும்பமும் பகலை ஓட்ட வேண்டும்.

ஓட்டினார்கள். அம்மா பாத்திரங்களைத் துணிக்குள் சுற்றி வைத்துத் துலக்கினாள். ஒழுகும் குழாயில் ஒரு நூலைக் கட்டி, சொட்டுத் தண்ணீர் சத்தமில்லாமல் நூல் வழியே வாளிக்குள் இறங்கும்படி விட்டிருந்தாள். தம்பி விரல்களை மடக்கி வாய்ப்பாடு ஒப்பித்தான். பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. முடியைப் பிடித்து இழுத்து, காதைத் திருகி, வாயை முழுசாகத் திறந்து கத்தி, அழுது, அம்மாவிடம் கோள்மூட்டி, அடி வாங்கி, எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல். தம்பிக்குத் தும்மல் வந்தபோது மூன்று பேரும் நாலாபக்கமும் ஓடி, கடைசியில் அப்பாவின் கால்மாட்டில் கிடந்த தலையணையை உருவி அவன் மூக்கில் வைத்து அழுத்தினார்கள். நடுவில் அப்பா ஒருமுறை புரண்டு படுத்தார். மூவரும் இருந்த இடத்தில் இருந்தபடி சிலையாக நின்றார்கள். அப்பா முதுகைச் சொறிந்தார். குறட்டை மறுபடி வந்தது. சிலைகள் நடந்தன.

டீச்சர் சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

"அப்பாவுக்குக் காட்டினியாடி?"

"போன்ல காட்டினா பாதியில தூங்கிடுவார் டீச்சர். போன் மூஞ்சி மேலேயே விழும். பெரிய திரையில, உட்கார வச்சுத்தான் காட்டணும். விழாவுக்கு ஒருநாள் தூங்காம வரேன்னு சொல்லியிருக்கார்." விரலை உறிஞ்சிக்கொண்டிருந்த டீச்சரை அவள் நேராகப் பார்த்தாள். "பகல்ல வீடு எப்படி இருக்கும்னே அவருக்குத் தெரியாது டீச்சர். எங்களை அமைதியான பசங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார்."

"காட்டிடலாம். நான் பார்த்துக்கறேன்," என்றார் டீச்சர்.

அரசாங்கச் சம்பளம் வாங்குகிற யாரும் வாயால் சொல்லவே கூடாத வார்த்தை அது.

படங்கள் வந்து சேர்ந்தன. எந்தப் பரீட்சைக்கும் கேள்வித்தாள் இரண்டு தொகுப்பு உண்டு. ஒன்று கசிந்துவிட்டால் இன்னொன்று. ஆகவே படங்களுக்கும் இரண்டு தொகுப்பு, இரண்டிலும் அதே படங்கள். மாற்றுத் தொகுப்பை முதலில் கட்டச் சொன்னார் அரக்கு சார். டீச்சர் பென்டிரைவ்களை அடுக்கித் துணியில் பொதிந்து தைத்தார். அரக்கு சார் உருக்கி ஊற்றினார். ஊற்றிய வேகத்தில் மிச்சமிருந்த பென்டிரைவ் ஒன்றின் மேலும் கொஞ்சம் வழிந்து, ஒரு பள்ளியின் படம் அரக்கோடு அரக்காக இறுகிவிட்டது. அந்தப் பள்ளி 'வருகை தரவில்லை' என்று குறிக்கப்பட்டது.

முதல் தொகுப்பைக் கட்ட உட்காரும்போதுதான் அரக்கு சாருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டீச்சர், விடைத்தாள்ல பேர் எழுதினா என்ன பண்ணுவோம்?"

"கறுப்பு மையால அடிப்போம் சார். திருத்தறவங்களுக்கு யார்னு தெரியக் கூடாதுல்ல."

"இதுல மூஞ்சியே தெரியுமே."

டீச்சர் ஊசியைக் கீழே வைத்தார். "சினிமான்னா மூஞ்சி தெரியும் சார்."

"தெரிஞ்சா எந்தப் பள்ளிக்கூடம்னு கண்டுபிடிச்சிடுவாங்க. சீருடை தெரியும். குரல் தெரியும். என் பேரே கெட்டுடும்."

கணினி ஆசிரியர் ஒரு வாரம் உட்கார்ந்து வேலை செய்தார். முகங்கள் மீது கறுப்புக் கட்டங்கள். சீருடை மீது பெரிய கறுப்புக் கட்டங்கள். குரல் நீக்கப்பட்டது. நாய் ஒன்று நடித்த படத்தில், அந்த நாய் எந்தத் தெரு நாய் என்று தெரிந்துவிடலாம் என்பதால் நாய்க்கும் ஒரு சின்னக் கட்டம். 'அப்பா தூங்குறார்' படத்தில் மூன்று கட்டங்கள் ஒரு பெரிய கட்டத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தன. புருவம் இல்லை, வாய் இல்லை, சண்டை இல்லை. வீடு மாற்றுகிறவர்கள் பெட்டி தூக்குவது போலிருந்தது.

"சார், அந்த மாற்று மூட்டையில மூஞ்சி அப்படியே இருக்கே," என்று டீச்சர் நினைவுபடுத்தினார்.

"முத்திரை வச்சாச்சே டீச்சர். வச்ச முத்திரையை உடைக்கணும்னா மூணு பேர் அனுமதி வேணும். அதுல ஒருத்தர் ஓய்வு பெற்றுட்டார்." அரக்கு சார் யோசித்தார். 'அடையாளங்கள் மறைக்கப்பட்டன' என்று சீட்டு அடித்து, இரண்டு மூட்டைகளிலும் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். "இப்ப சரியாயிடுச்சு. என் சர்வீஸ்ல மாற்று மூட்டையைத் திறந்ததே இல்ல."

படங்களைத் திருத்தக் கணக்கு ஆசிரியர்களை வரவழைத்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "விடைக்குறிப்பு எங்கே?" இல்லையென்று சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். அவசரமாக ஒன்று தயாரானது. சூரிய உதயம், இரண்டு மதிப்பெண். அறிவுரை, ஐந்து. அறிவுரையைக் கேட்டுத் திருந்துதல், மேலும் ஐந்து. படம் நீளமாக இருந்தால் ஒன்று கூட. சைகையின் படத்துக்கு உதயமும் இல்லை, அறிவுரையும் இல்லை. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'கதாநாயகன் கடைசிவரை முயற்சி செய்யவே இல்லை.'

டீச்சர் பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனார். அவர் மேசையின் மேல் ஒன்றுமே இல்லை. சுத்தமான மேசைதான் சுத்தமான நிர்வாகம் என்று சொல்லிக்கொள்வார். கோப்புகள் எல்லாம் அடுத்த அறையில் தரையில் கிடந்தன.

"சார், ஒரு படத்தையாவது மறைக்காம காட்டலாம். அந்தப் பொண்ணோட அப்பா அன்னைக்குத் தூங்காம வரார்."

"உக்காருங்கம்மா. நான் சினிமா பார்த்துப் பல வருஷம் ஆச்சு. அதனால எனக்கு எந்தப் படத்து மேலயும் பட்சபாதம் கிடையாது. நான் ரசிக்க ஆரம்பிச்சேன்னு வைங்க, அப்புறம் எனக்குப் பிடிச்சது, பிடிக்காததுன்னு ஒண்ணு வந்துடும். அது நிர்வாகத்துக்கு நல்லதா?"

"முகமே தெரியலன்னா அவர் எதைப் பார்க்கறது சார்?"

"குழந்தைங்க சுதந்திரமா எடுத்திருக்காங்கல்ல, அதைப் பார்க்கட்டும். இந்த மாவட்டத்துல படைப்புச் சுதந்திரம் முழுசா இருக்கும்மா. நானே உத்தரவு போட்டிருக்கேன். எவ்வளவு இருக்கணும்னு இணைப்புல இருக்கு."

டீச்சர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். புருஷன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, உன் படம் எப்ப ரிலீஸ்?"

"ஒரு புள்ளைக்கு வாக்குக் கொடுத்துட்டேங்க."

"எழுதிக் கொடுத்தியா, வாயால சொன்னியா?"

"வாயாலதான்."

"அப்ப அது செல்லாதே. உங்க ஆபீஸ் வழக்கப்படி," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

விழா நாள். கலையரங்கத்தில் நாற்காலிகளை ஒன்றுவிட்டு ஒன்று போட்டிருந்தார்கள். பெற்றோர்களுக்குப் புகைப்படம் ஒட்டிய ஹால் டிக்கெட் அனுப்பப்பட்டிருந்தது. குடும்பத்தார் சேர்ந்து உட்கார்ந்தால் பேசிவைத்துப் பார்ப்பார்கள் என்று புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை, பிள்ளை மூன்றாவது மூலை. வாசலில் பலகை: 'பேசக் கூடாது. திரும்பக் கூடாது. அடுத்தவர் பார்க்கும் படத்தைப் பார்க்கக் கூடாது.'

சைகையின் அப்பா வந்தார். காதுமடலுக்குப் பின்னால் மாவு ஒட்டியிருந்தது. வாசலில் இருந்தவர் டிக்கெட்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோல கண்ணு திறந்திருக்கே. நேர்ல பாதிதான் திறந்திருக்கு."

"இது எனக்கு நடுராத்திரி சார்," என்றார் அப்பா பணிவாக.

பின்வரிசையில் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே அவருக்கு இடம். டீச்சரைப் பார்த்ததும் எழப் பார்த்தார். "பொண்ணு ரொம்ப அமைதி டீச்சர். தம்பியும் அப்படித்தான். இருக்கற இடமே தெரியாது. படம்னு என்னத்தைத்தான் எடுத்தாளோ, அதுலயும் சும்மாதான் உக்காந்திருப்பான்னு நினைக்கறேன்." பேசும்போதே கண் இமை கீழே இறங்கியது. தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார்.

பெரிய அதிகாரி பேச எழுந்தார். கலை என்றால் என்ன என்று தொடங்கி, தான் எப்படி இந்தப் பதவிக்கு வந்தார் என்பதில் நெடுநேரம் நின்றார். டீச்சர் வராந்தாவுக்கு வந்து தூணில் சாய்ந்தார். உள்ளே அந்த மனிதர் தொடையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருப்பது கறுப்புக் கட்டங்கள் நகர்வதைப் பார்க்க. ஒரு பகல் தூக்கம் வீண். பெண்ணின் முகத்தில் விழிக்க வேண்டும். இன்னும் ஓய்வு பெற எத்தனையோ வருஷம் இருக்கிறது.

தூணுக்கு அந்தப் பக்கம், தாமதமாக வந்து உள்ளே விடப்படாத ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் பையன் படத்துல நாய் தொலைஞ்சு போயிடும். கடைசியில அதுவா திரும்பி வந்துடும்."

டீச்சர் அதைக் கேட்டார். பிறகு, பரீட்சை மணியோடு மேடையோரம் நின்ற அரக்கு சாரிடம் நடந்து போனார்.

"சார், படத்தோட கதை வெளியில தெரிஞ்சிருக்கு."

அரக்கு சார் மணியின் நாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எந்தப் படம்?"

"நாய் படம். திரும்பி வந்துடுதாம்."

"முடிவா? முடிவே போயிடுச்சா?"

"வராந்தாவுல ஒரு அம்மா சொல்லிட்டிருக்காங்க சார்."

"அவங்களுக்கு யார் சொன்னது?"

"படம் எடுத்த பையன்தான். அவங்க மகன்."

"உள்ளாள்," என்றார் அரக்கு சார். முகத்தில் ரத்தம் இல்லை. இருந்த சிவப்பெல்லாம் கட்டைவிரலில்தான். ஒரு சர்வீஸ் முழுக்கக் காத்திருந்த கசிவு. அவர் தடுமாறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "முதல் தொகுப்பு ரத்து. மாற்று மூட்டையைத் திறக்கறோம்."

"முத்திரை உடைக்க மூணு பேர் அனுமதி..."

"கசிஞ்சா வேண்டாம். நடத்தறவரே உடைக்கலாம். விதி இருக்கு."

"சார், அந்த மூட்டையில..."

"டீச்சர், நீங்க எதுவும் பேசாதீங்க. நீங்க பேசினா அதுவும் கசியும்."

மேலதிகாரி பேசாதே என்றால் பேசக் கூடாது. டீச்சர் பேசவில்லை.

பெரிய அதிகாரி, "நான் இருந்தா நீங்க சுதந்திரமாப் பார்க்க மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு வேறொரு திறப்பு விழாவுக்குக் கிளம்பினார். இரண்டு பெற்றோரைச் சாட்சி வைத்து, மூட்டை சேதமில்லை என்று கையெழுத்து வாங்கி, அரக்கு சார் தையலை வெட்டினார். மணி அடித்தது. விளக்கு அணைந்தது.

முதல் படத்திலேயே ஒரு பையன் திரை முழுக்கச் சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை.

"டீச்சர்," என்றார் அரக்கு சார், கூரை ஒழுகுகிறது என்று சொல்கிற குரலில். "மூஞ்சி தெரியுது."

"ஆமா சார். நிறுத்திடலாமா?"

"மணி அடிச்சாச்சே. மணி அடிச்ச பிறகு எப்படி நிறுத்தறது?"

நாய் திரும்பி வந்தது. கூட்டம் சத்தம் போடாமல் சிரிக்கப் பார்த்து, முடியாமல் கொஞ்சம் சத்தம் போட்டது. கண்காணிக்க நின்ற ஆசிரியர்களும் திரைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பிறகு, ஒற்றை அறை. நடுவில் கட்டில்.

டீச்சர் பின்வரிசைக்கு நகர்ந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கிள்ளிக்கொள்வது நின்றிருந்தது.

அக்கா தம்பியின் முடியைப் பிடித்தாள். பக்கத்துச் சீட்டுக்காரர் விதியை மறந்து, "அடேயப்பா, அந்தப் புள்ளை கையைப் பாருங்க. பிடுங்கிடும் போல," என்றார்.

"அமைதியான பொண்ணுங்க அது," என்றார் அப்பா, பழக்கதோஷத்தில்.

தலையணை தம்பி மூக்குக்குப் போனது. அரங்கம் குலுங்கியது. அப்பா மட்டும் குலுங்கவில்லை. "அது என் தலையணை," என்றார். கொஞ்சம் கழித்து, "ஈரமா இருக்கும். வேர்வைன்னு நினைச்சேன்."

நூல் கட்டிய குழாய் வந்தது. தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு ஓசையின்றி இறங்கியது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை, யாரும் சிரிக்கவில்லை. அப்பா பக்கத்துச் சீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். திரும்பக் கூடாது என்பது விதி.

"அந்தக் குழாய் ஒழுகிட்டிருந்துச்சுங்க. தானா நின்னுடுச்சுன்னு நினைச்சேன்."

அந்த மனிதர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தானா நிக்காதுங்க குழாய்," என்றார்.

திரையில் அப்பா புரண்டார். மூவரும் சிலையானார்கள். யாரோ டீச்சரின் முழங்கையைத் தொட்டார்கள். அரக்கு சார். எப்போது பின்னால் வந்து நின்றாரோ.

"அந்தாள் முழிச்சுக்குவாரா டீச்சர்?"

"சொன்னா கசிஞ்சிடும் சார்."

அவர் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த வாரம் விசாரணை. முகங்கள் தெரிந்ததாகப் பேச்சு அடிபடுகிறதே என்று பெரிய அதிகாரி கேட்டார். அரக்கு சார் வெட்டிய மூட்டைத் துணியை விரித்து வைத்தார். முத்திரை நன்றாக இருந்தது. சாட்சிக் கையெழுத்து இருந்தது. 'அடையாளங்கள் மறைக்கப்பட்டன' என்ற சீட்டும், கீழே அவர் கையெழுத்தும் இருந்தன.

"மறைச்சதுன்னு இதுல இருக்கு," என்றார் பெரிய அதிகாரி. "முத்திரையும் உடையல. அப்ப முகம் தெரிஞ்சிருக்க முடியாது."

"முடியாது சார்," என்றார் அரக்கு சார். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரிஞ்ச மாதிரி ஜனங்களுக்குத் தோணியிருக்கும். பெத்தவங்கல்ல, தோணும். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் பேச வேண்டாம்னு உத்தரவு சார்," என்றார் டீச்சர்.

வந்திருந்த பெற்றோர் எல்லோரிடமும், தாங்கள் எந்த முகத்தையும் பார்க்கவில்லை என்று எழுதி வாங்கினார்கள். பிள்ளைகளின் சான்றிதழ் வேண்டும் என்பதால் அவர்களும் பார்க்கவில்லை. முடிவுகள் வெளியாயின. சூரிய உதயத்தோடு தொடங்கி அறிவுரையில் முடிந்த ஒரு படம் முதலிடம். 'அப்பா தூங்குறார்' கருணை மதிப்பெண் பெற்றுத் தேறியது.

அடுத்த தையல் வகுப்பில் டீச்சர் அரைப் பரீட்சைக்கான காடாத் துணியை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். சைகை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் சோர்வு.

"அப்பா என்னடி சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர். வர்ற வழியில வாஷர் வாங்கிட்டு வந்து குழாயைச் சரி பண்ணினார். ஆனா இப்பல்லாம் தூங்கறதே இல்ல."

"ஏன்?"

"தூங்கற மாதிரி நடிக்கறார். ஒரு கண்ணை இம்மியூண்டு திறந்து வச்சுக்கிட்டு, நாங்க என்ன பண்றோம்னு பார்த்துட்டே படுத்திருக்கார். பொய்க் குறட்டை வேற."

"நீங்க?"

"நாங்க அதை நம்பற மாதிரி நடிக்கறோம். தம்பி வராத தும்மலெல்லாம் தும்மறான். தினம் ஒருதடவை சண்டை போட வேண்டியிருக்கு. முடியல டீச்சர்."

"அப்ப வேலைக்கு?"

"அங்க போய்த் தூங்கிடறார். நேத்து ஒரு அடுப்பு ரொட்டி கருகிடுச்சாம். போதும்ப்பா, தூங்குன்னு சொல்லிடலாமான்னு அம்மாகிட்டக் கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

அவள் வாயைத் திறக்கவில்லை. கையைத் தூக்கி, விரல்களை மெல்ல அசைத்து, புருவத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். டீச்சருக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் வாயால் சொன்னாள்.

"பார்க்கட்டும் விடுன்னாங்க. எத்தனை வருஷத்துப் பகல் பாக்கி இருக்கு அவருக்கு."